மதுராவின் மூன்றாவது கிறீம்

"முகத்துக்கு மூண்டு சாமான் காணும் அக்கா. கழுவ ஒண்டு, பூச ஒண்டு, வெயிலுக்கு ஒண்டு. காசும் பெரிசாப் போகாது" என்று என் தங்கை மதுரா சொன்னபோது நான் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தேன்.

"உன்ரை முகத்துக்கு மூண்டு காணாதடி, முப்பது வேணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் குத்திக் கதைத்தாலும் பகிடி என்றுதான் எடுப்பாள். அதுதான் எனக்கு அரியண்டம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்லவள் இல்லை. இதை முடிக்கும்போது நீங்கள் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

என் பெயர் கீர்த்திகா. வயது முப்பத்தொன்பது. இருபத்துமூன்றில் கலியாணம் கட்டி ஜெர்மனிக்குப் போய், பதின்மூன்று வருசம் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் கழுவித் துடைக்கிற வேலை செய்தேன். பிள்ளை குட்டி இல்லை. புருசன் வேறொருத்தியுடன் போய்விட்டான். மூன்று வருசத்துக்கு முன் ஒரு சூட்கேசுடன் பண்டத்தரிப்பில் அப்பாவின் வீட்டுக்கு வந்து இறங்கினேன். ஊர் என்னை வாழாவெட்டி என்றது. முகத்துக்கு நேரே இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று, எனக்குக் கேட்கும்படியாக.

மதுரா எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா செத்த பிறகு, அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டதும் பேன் பார்த்ததும் நான்தான். அப்போது அவள் பக்கத்து ஒழுங்கையில் முன்பள்ளி ரீச்சர். சம்பளம் என்று சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு ஏதோ கொடுத்தார்கள்.

இனி வீட்டு விசயம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது குறைவு. மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவான். எனக்கு எழுதித் தந்த காணியை விற்றுத்தான் நான் ஜெர்மனிக்குப் போனேன். ஆகவே என் பங்கு முடிந்தது. மிச்சம் இருந்தது நாங்கள் இருந்த வீடு மட்டும். அது மதுராவின் சீதனம். முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்கு ஒரு அறை, ஒரு விறாந்தை, அடுப்படி. அப்பா சிவசுப்பிரமணியம் வெங்காயத் தோட்டக்காரர், முதுகு வளைந்த மனுசன், அவருக்கு ஒரு அறை வேண்டும். மற்ற அறை புதுச் சோடிக்கு. நான் எங்கே படுப்பது? வெங்காயக் கொட்டிலிலா?

தரகர் நமசிவாயம் கொண்டுவந்த சம்பந்தம் அது. பெடியன் சிவகரன், கொடிகாமத்தான், நில அளவைக் கந்தோரில் வேலை. கெட்ட பழக்கம் இல்லையாம். தாய்க்காரி நல்லம்மாவுக்குத்தான் வாய் காது வரைக்கும். ஒருநாள் நமசிவாயம் விறாந்தையில் இருந்து அப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அண்ணை, அந்த மனுசி ஒரு கதை கதைச்சவ. புருசனை விட்டிட்டு வந்தவள் ஒருத்தி வீட்டுக்குள்ளை நிண்டால் என்ரை பிள்ளை எப்பிடிச் சந்தோசமாய்க் குடும்பம் நடத்துறது எண்டு கேட்டவ."

அப்பா என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? செருமினார். பெற்ற தகப்பன் செருமுகிறார்! அன்றிலிருந்து எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. நான் எங்கே போவேன் என்று ஒரு மனிதரும் கேட்கவில்லை. அவர்களுடைய பேச்செல்லாம் வேறு ஒன்றைப் பற்றி. பெட்டைக்கு முகத்தில் பரு என்று நல்லம்மா கேள்விப்பட்டாளாம். மூன்று கிழமையில், வெள்ளிக்கிழமை, எங்கள் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பெண் பார்க்க வருவார்களாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ஊருக்கே தெரியும். கோயிலில் என்றால் சாமி கும்பிட வந்ததாகப் போய்விடும். எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் அது.

அதற்காகத்தான் மதுராவுக்கு இந்த மூன்று சாமான் பைத்தியம். தொலைபேசி வீடியோவில் யாரோ ஒரு பெட்டை சொன்னாளாம். முதன்முதல் தொடங்குகிறவர்கள் கண்டதையும் வாங்கி அப்பக்கூடாது, மூன்றே மூன்று, நாளுக்கு இரண்டு தரம், பொறுமை வேண்டும் என்று. நல்ல புத்திதான். இவளும் கொப்பியில் எழுதிவைத்தாள். யாழ்ப்பாணம் ரவுனுக்கு பஸ்ஸில் போய், பாமசியில் மலிவாக ஒரு ஃபேஸ் வோஷும் ஒரு சன் கிறீமும் வாங்கிவந்தாள். அதோடு கை வெறுமை. நடுவில் பூசுகிற கிறீமுக்கு அடுத்த மாதம் வரைக்கும் வழியில்லை.

"அக்கா, மாமியின்ரை பெட்டியிலை ஏதும் இருக்குமோ?"

மாமி என்றால் அப்பாவின் தங்கை மகாதேவி. ஜெர்மனியில் முப்பது வருசம். ஆண்டுக்கு இரண்டு தரம் கப்பலில் ஒரு பெட்டி போடுவா. அங்கே குப்பையில் போடப் பஞ்சிப்பட்ட சாமான் எல்லாம் அதற்குள் வரும். சொக்லேட், துவாய், பாதி அடித்த வாசனைப் போத்தல், கம்பளித் தொப்பி. பங்குனி வெயிலில் மண்டை வெடிக்கிற ஊருக்குக் கம்பளித் தொப்பி! ஆனால் வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் சனத்துக்கு அது தீர்த்தம் மாதிரி. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் விளங்காது. விளங்காதபடியால்தான் திறமான சாமான் என்று நம்புவார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஆறு மாதம் தலை முழுகியது, பொடுகு போய்விட்டது என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தது.

மதுரா பெட்டியைக் கிளறி, நீல மூடி போட்ட ஒரு வெள்ளைக் குழாயை எடுத்தாள். உடைக்காத புதுசு. படம் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்.

"இது முகத்துக்குப் பூசுறதோ அக்கா? வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாங்கிப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. முதியோர் இல்லத்தில் எத்தனை குழாய் பிதுக்கியிருக்கிறேன்! குதிக்காலில் தடித்துக் காய்ந்து வெடித்த தோலைக் கரைத்து உரிக்கிற மருந்து. கையுறை போட்டுத்தான் பூசுவோம். முகத்தில் படக்கூடாது, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது என்று பின்பக்கம் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அப்பாவின் குதி வெடிப்புக்குத்தான் மாமி வைத்திருக்கிறா என்று உடனே விளங்கிவிட்டது. "உது அப்பாவின்ரை காலுக்கடி" என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது அவள் சொன்னாள். "அவை வாறதுக்குள்ளை முகம் துலங்கினால் காணும் அக்கா. இந்தச் சம்பந்தம் சரிவந்தால் எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்குமாம். என்னை நடுறோட்டில் விடப்போகிற சம்பந்தம் எல்லாருக்கும் நல்லதாம்!

"ஓம், முகத்துக்குத்தான்" என்றேன். "நல்லாய்த் தடிப்பாய்ப் பூசு. படுக்கேக்கை பூசிப்போட்டு விடியக் கழுவு."

அவ்வளவுதான். ஒரு மனுசியைக் கெடுக்க அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடுத்தநாள் காலை முகம் சிவந்திருந்தது. "எரியுதக்கா" என்றாள்.

"எரிஞ்சால்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம். பழைய தோல் போனால்தானே புதுத்தோல் வரும். அங்கை வெள்ளைக்காரிகள் எல்லாரும் உப்பிடித்தான்."

"அப்ப இண்டைக்கும் பூசட்டோ?"

"பூசு."

மூன்றாம் நாள் கன்னம் இரண்டும் பொருமிவிட்டன. சன் கிறீம் போட்டால் இன்னும் எரிகிறது என்று அதை விட்டுவிட்டாள். வெறும் முகத்தோடு முன்பள்ளி முற்றத்து வெயிலில் பிள்ளைகளை விளையாட விட்டுக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் தோல் அவித்த உருளைக்கிழங்கில் கழருவது போலக் கழரத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து கேட்டாள். ஒவ்வொரு நாளும் பூசு என்றேன். ஐந்து நாள், ஐந்து தரம். ஒருதரம் வாய் தவறியது என்று சொல்ல எனக்கு இடமில்லை.

சந்தோசப்பட்டாயா என்று கேட்டால், ஓம், பட்டேன். பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தது. அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கன்னத்தை ஊதி ஊதிப் பார்க்கும்போது, பாவம் என்றும் நினைத்தேன், இன்னும் கொஞ்சம் என்றும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் முன்பள்ளியில் ஒரு சின்னன் அவளைப் பார்த்து வீரிட்டுக் கத்தியதாம். "ரீச்சருக்கு முகம் கழருது!" என்று. மற்றதுகளும் சேர்ந்து கத்த, தாய்மார் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். முன்பள்ளிப் பொறுப்பாளர் கத்தரீனா, மரியாதையான மனுசி, இவளைப் பின்பக்கம் கூட்டிப்போய், "குறை நினையாதை பிள்ளை. தொத்துற வருத்தம் எண்டு சனம் கதைக்குது. மாறும்வரைக்கும் வீட்டிலை நில்" என்று அனுப்பிவிட்டா.

அழுதுகொண்டு வந்தாள். வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வேறு யாரைக் கட்டிப்பிடிப்பாள்? அவளுடைய முகத்து நீர் என் தோளில் பட்டுப் பிசுபிசுத்தது. "அழாதை, உப்புப் பட்டால் இன்னும் எரியும்" என்று முதுகைத் தடவினேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அவள் அயர்ந்த பிறகு குழாயை எடுத்துக்கொண்டுபோய் பின்காணிப் பாழ்கிணற்றில் எறிந்தேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். டொக்டர் ஒரு இளம் பெண். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பூசினனீங்கள்? கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டா.

"ஆத்திரத்திலை நான்தான் தூக்கி எறிஞ்சுபோட்டன் டொக்டர்" என்றேன் நான். மதுரா என் கையைப் பிடித்தாள். நன்றியாம்.

"ஏதோ தோலை உரிக்கிற மருந்து. அதுக்கு மேலை வெயிலும் பட்டிருக்கு" என்றா டொக்டர். "இனி ஒண்டும் புதுசாய்ப் பூச வேண்டாம். சாதாரண சவர்க்காரம், நான் தாற இந்த வெள்ளைக் கிறீம், வெளியிலை போனால் வெயிலுக்கு ஒண்டு. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ பொறுமையாய் இருக்கவேணும். கறுப்பு முழுக்கப் போகுமெண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது."

பஸ்ஸில் வரும்போது மதுரா யன்னல் பக்கம் இருக்கவில்லை. வெயில் படாத பக்கம் இருந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

புண் ஆறியது. ஆறின இடமெல்லாம் கறுத்தது. நெற்றியில் ஒரு திட்டு, இரண்டு கன்னத்திலும் அடுப்புக்கரி தேய்த்தது போல அகலமாக இரண்டு திட்டு, மூக்கடியில் இன்னும் சிவப்பு. வெள்ளிக்கிழமை கிட்டியது. நாளைத் தள்ளிவைப்போம் என்று அவள் அப்பாவைக் கெஞ்சினாள்.

"நாள் பார்த்துச் சொன்னதைத் தள்ளிவைச்சால் பெட்டைக்கு என்னவோ எண்டு ஊர் கதைக்கும்" என்றார் அப்பா. "பவுடரைக் கொஞ்சம் தடிப்பாய்ப் போடு. அக்காட்டைச் சொல்லு, அவ வடிவாய்ப் போட்டுவிடுவா."

நான்தான் போட்டுவிட்டேன். ஆறின புதுத்தோலில் பவுடர் பிடிக்கவில்லை, திரளை திரளையாக நின்றது. கறுப்புக்கு மேல் வெள்ளை பூசினால் சாம்பல் நிறம்தானே வரும். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு செருப்பைப் போட்டாள்.

கோயிலில் நல்லம்மாவும் சிவகரனும் எங்களுக்கு முதலே வந்து நின்றார்கள். தெரியாதவர்கள் போல இரண்டு பக்கமும் நின்று சாமி கும்பிட்டோம். பெடியன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோயில் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூசை முடிந்து ஐயர் சந்தனக் கிண்ணத்தை எல்லாரும் எடுக்கும்படி நீட்ட, மதுரா வாங்கி, தான் தொட்டுவிட்டு, மரியாதைக்கு நல்லம்மாவிடம் நீட்டினாள்.

நல்லம்மா கையை இழுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். அவள் இன்னும் தொடவே இல்லை, எதைத் துடைத்தாளோ தெரியாது. "ஐயா, எனக்கு வேறையாய்க் கொஞ்சம் தாங்கோ" என்று ஐயரைக் கூப்பிட்டாள். கோயில் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதுரா கிண்ணத்தை நீட்டினபடியே நின்றாள். யாராவது வாங்கினால்தானே கையைக் கீழே விடலாம். கடைசியில் நான் போய் வாங்கினேன்.

வெளிவீதியில் நல்லம்மா நமசிவாயத்தைப் பிடித்து உலுப்பினது எங்களுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கதைத்தாள். "பரு எண்டு சொன்னீர், உது என்ன குட்டமோ? என்ரை பிள்ளை குடும்பம் நடத்துறதோ, வருத்தக்காரியைப் பராமரிக்கிறதோ? பிறக்கிற பேரனுக்கும் உது வந்தால் நீர் வந்து கழுவுவீரோ?"

சிவகரன் மோட்டர் சைக்கிளை எடுத்தான். தாய் பின்னுக்கு ஏறினாள். அவ்வளவுதான் பெண் பார்த்தது.

நான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மாதத்துக்குப் பிறகு சோறு ருசித்தது. இனி இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தனும் வரமாட்டான், வீடு கை மாறாது, எனக்குப் பாய் விரிக்க ஒரு மூலை இருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்தநாள் விடிய நமசிவாயம் வந்தார். கெட்ட செய்தி கொண்டுவருகிற தரகருக்குத் தேத்தண்ணி கொடுப்பதில்லை, ஆனாலும் நான் கொடுத்தேன். எனக்குத்தான் மனம் குளிர்ந்து போயிருந்ததே. குடித்துவிட்டு அப்பாவிடம் அழாக்குறையாகக் கதைத்தார்.

"என்ரை பாட்டை நினைச்சுப் பாருங்கோ அண்ணை. முகம் ஒரு பக்கம் கிடக்கட்டும். சின்னவ போட்ட நிபந்தனைக்கு அந்த மனுசியைச் சம்மதிக்கப் பண்ண நான் எத்தினை தரம் கொடிகாமம் போய் வந்தனான் தெரியுமோ?"

"என்ன நிபந்தனை?" என்றார் அப்பா.

"உங்களுக்கும் சொல்லேல்லையோ? வீட்டை எழுதேக்கை பின்னறையையும் அடுப்படியையும் மூத்தவவின்ரை பேரிலை எழுதவேணும், அக்கா சாகும்வரைக்கும் இஞ்சைதான் இருப்பா, அப்பாவுக்கு விறாந்தையை மறைச்சு ஒரு அறை எடுக்கலாம், அதுக்கு ஓமெண்டால்தான் கழுத்தை நீட்டுவன் எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டாள் பிள்ளை. முடிவாகும்வரைக்கும் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கவேண்டாமாம், அக்காவுக்கு நம்பிக்கையைக் குடுத்துப்போட்டுப் பிறகு இல்லையெண்டு சொல்லக்கூடாதாம். அந்த நல்லம்மா மாட்டனெண்டு நிண்டவ. போன மாதம்தான் ஒருமாதிரி ஓமெண்டவ. பெடியன் நல்லவன், அவன்தான் தாயோடை சண்டை பிடிச்சவன். இனி எங்கை அண்ணை இப்பிடி ஒரு சம்பந்தம் வரும்?"

என் கையில் அவர் தேத்தண்ணி குடித்த வெறும் பேணி. அதைக் கொண்டுபோய்க் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். போன மாதமே எனக்கு ஒரு அறை கிடைத்திருக்கிறது. அந்தக் குழாயை நான் கையில் எடுத்தபோது எனக்கு அந்த அறை இருந்தது. எல்லாருக்கும் நல்லது என்று அவள் சொன்னபோது என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஐயோ என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தி என்ன? சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. குழாய் கிணற்றில். டொக்டருக்கும் தெரியாது. செய்தது எனக்கு மட்டும் தெரிந்ததாகவே இருக்கட்டும், இனிமேல் அவளுக்கு நல்ல அக்காவாக இருந்து கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு மலிவான புத்தி எனக்கு.

ஒரு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அப்பா தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போய்விட்டார். மதுரா விறாந்தையில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்க, மகாதேவி மாமி தொலைபேசியில் வந்தா. மாமியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அடுப்படிக்குள் நின்ற எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பிள்ளை, அண்ணையின்ரை குதி வெடிப்பு எப்பிடி? நீல மூடி போட்ட குழாய் ஒண்டு பெட்டிக்குள்ளை வைச்சனான், பூசினவரோ? கீர்த்திட்டைக் கேளுங்கோ, அவவுக்கு உது தண்ணிபட்ட பாடு. இஞ்சை வேலை செய்யேக்கை கிழடுகளின்ரை காலுக்கு உதைத்தானே பூசுறவ. ஆனால் கவனம், கையிலை கிடந்து முகத்திலை கிகத்திலை பட்டிடும்."

நான் அடுப்படி வாசலுக்கு வந்தேன். மதுரா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் மாமி, பூசினது" என்றாள். குரலில் ஒரு ஆட்டமும் இல்லை. "முடிஞ்சுது. இப்ப சுகம்."

தொலைபேசியை வைத்தாள். மடித்த உடுப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முடித்தாள். எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"எழுத்துச் சின்னனடி" என்றேன். "வடிவாய்த் தெரியேல்லை. நான் நினைச்சன்..."

"அஞ்சு நாள் கேட்டனான். அஞ்சு நாளும் பூசு எண்டனி."

கதைக்கத் தொடங்கின நாள் தொட்டு என்னை நீங்கள், வாங்கோ என்றுதான் கூப்பிட்டவள். அது போய்விட்டதை அவளும் கவனிக்கவில்லைப் போல.

"எதுக்கு?" என்றாள். "வீட்டுக்காகவோ?"

"எனக்கு ஆர் இருக்கினம் மதுரா? நான் எங்கை போறது? எனக்குத் தெரியாதடி, நீ எனக்கு அறை கேட்டது சத்தியமாய்த் தெரியாது. தெரிஞ்சிருந்தால்..."

"தெரிஞ்சிருந்தால் பூசச் சொல்லியிருக்கமாட்டாய். என்ன?"

ஓமென்றாலும் கேவலம், இல்லையென்றாலும் கேவலம். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் அவள் காலில் விழுந்தேன். "அப்பாட்டைச் சொல்லு. துரத்தட்டும். நான் எங்கையாவது போய்த் துலையிறன்" என்று அழுதேன். இந்தமுறை உண்மையாகத்தான் அழுதேன்.

"சொல்லமாட்டன்" என்றாள் மதுரா. "நீ எங்கையும் போகமாட்டாய். எழும்பு, அப்பா வரப்போறார்."

அடுத்த மாதம் அவளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனாள். பின்னறையும் அடுப்படியும் என் பேரில் எழுதியாகிவிட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ்வளவு பட்டும் அக்காவுக்கு ஒரு வழி பண்ணினியே பிள்ளை, உன்ரை மனசு ஆருக்கு வரும்!" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுகிறார். ஊரும் சொல்லுகிறது. என்னைக் கண்டால், குடுத்துவைச்சனி என்கிறார்கள். நான் வீட்டை விட்டுப் போனால் நன்றி கெட்டவள். அப்படியும் ஒருநாள் பையை அடுக்கினேன். மதுரா வாசலில் நின்று, "போ. நீ படலையைத் தாண்டின உடனை அப்பாட்டைச் சொல்லுவன். அவருக்கு நெஞ்சு வருத்தம், தெரியும்தானே" என்றாள். பையைத் திரும்பப் பிரித்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. கறுப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. நமசிவாயம் இந்தப் பக்கம் வருவதில்லை. முன்பள்ளியில் வேறு ரீச்சர்.

விடிய ஆறரைக்கு மதுரா முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவாள். யன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு, எனக்கு முன்னால் முழங்கால் இடிக்க இருப்பாள். டொக்டர் தந்த வெள்ளைக் கிறீமை என் கையில் வைப்பாள். முதல்நாள் நான் முகத்தைத் திருப்பினபோது, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கண்ணாடியை நான் எடுத்துப்போட்டன்" என்றாள். "எனக்கு இனிப் பார்க்கத் தேவையில்லை. நீ பார்த்துப் பூசு."

நெற்றியிலிருந்து தொடங்குவேன். பிறகு கன்னம், பிறகு மூக்கடி. எங்காவது விட்டுவிட்டால் விரலால் அந்த இடத்தைக் காட்டுவாள். எல்லாம் முடிய ஐந்து நிமிசம்கூட ஆகாது. எழும்பும்போது, "நாளைக்கும் வாறன் அக்கா" என்பாள். ஓம் என்பேன்.